உங்கள் தெருவில் அந்நிய வண்டி: தனியார் சாலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தனியார் குடியிருப்புச் சாலையில் வீடு வாங்கிக் குடியேறியவர்களுக்கு முதலில் வரும் தலைவலிகளில் ஒன்று, வாசலுக்கு எதிரே நிற்கும் யாருடையது என்றே தெரியாத கார். கோபம் வருவது இயல்புதான். ஆனால் அந்தக் கோபத்தில் டயரைப் பூட்டுவது, குறுக்கே நம் வண்டியை நிறுத்துவது, காற்றைப் பிடுங்குவது என்று இறங்கினால், தப்பு செய்தவர் வாதியாகவும் நீங்கள் பிரதிவாதியாகவும் மாறிவிடக்கூடும். அதனால் நிதானமாக, வரிசைப்படி போவோம். இந்த வரிசையில் பாதிக்கு மேல் வண்டிக்காரரோடு சம்பந்தமே இல்லாத வேலைகள். அவற்றை முடித்துவிட்டால் மீதி வேலை தானாகச் சுருங்கிவிடும்.

முதலில் பத்திரத்தை எடுங்கள்

சாலை யாருடையது என்று தெரியாமல் அடுத்த அடி வைக்காதீர்கள். முனையில் 'தனியார் சாலை' என்று போர்டு இருக்கிறது, கேட் இருக்கிறது என்பதெல்லாம் ஆதாரம் ஆகாது. வீட்டுப் பத்திரம், மனைப்பிரிவு வரைபடம், குடியிருப்போர் சங்கத்தின் சொத்து ஆவணம் மூன்றையும் மேசையில் விரித்து வைத்துப் பாருங்கள். பொதுவாக நான்கு நிலைகளில் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் தன் வீட்டு முன்பக்கச் சாலையின் நடுக்கோடு வரை சொந்தமாக இருக்கலாம். முழுச் சாலையும் சங்கத்தின் பெயரிலோ பராமரிப்பு நிறுவனத்தின் பெயரிலோ இருந்து, வீட்டுக்காரர்களுக்கு வழிப் பாத்தியம், அதாவது அதில் போய்வரும் உரிமை, மட்டும் இருக்கலாம். வீடுகளைக் கட்டி விற்றவர் சாலையை இன்னும் யாருக்கும் எழுதிக் கொடுக்காமலேயே வைத்திருக்கலாம். நான்காவது நிலைதான் பலருக்கு அதிர்ச்சி தருவது: சாலை உண்மையில் தனியாருடையதே இல்லை.

தமிழ்நாட்டில் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளின் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகு அது பொதுச் சாலை. சங்கம் கேட் போட்டிருந்தாலும், வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தாலும் பொதுச் சாலைதான். அங்கே நிற்கும் வண்டியை 'அத்துமீறல்' என்று சொல்ல உங்களுக்கு வழியில்லை. ஆனால் போக்குவரத்துக் காவல்துறையிடம் போக வழி இருக்கிறது. இந்திய மோட்டார் வாகனச் சட்டம் (1988) 'பொது இடம்' என்பதற்குப் பொதுமக்கள் வந்துபோகும் உரிமை உள்ள எந்த இடத்தையும் சேர்த்துக்கொள்கிறது. அதே சட்டத்தின் 127ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாமல் விடப்பட்ட வண்டியையோ, தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியையோ இழுத்துச் செல்லவும் அதன் சக்கரத்தைப் பூட்டவும் சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம். உத்தரவிட வேண்டியவர் அதிகாரி, சங்கச் செயலாளர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

உண்மையிலேயே மூடிய தனியார் சாலை என்றால் கதை மறுபக்கம் திரும்பும். பெரும்பாலான இடங்களில் போலீஸ், "இது சிவில் விவகாரம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடும். நடவடிக்கை எடுக்கும் பாரமும் உரிமையும் சாலைக்காரருக்கு வந்துவிடுகிறது.

பத்திரத்தைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வழிப் பாத்தியம் என்பது போய்வரும் உரிமை. வண்டியை நிறுத்தும் உரிமை அதில் தானாக அடங்கிவிடாது. இது வெளியாருக்கு மட்டும் பொருந்துவது இல்லை, உங்களுக்கும் பொருந்தும். வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது என்பதால் அந்த இடம் உங்கள் பார்க்கிங் ஆகிவிடாது. சங்கக் கூட்டங்களில் பெரிய சண்டைகள் வருவதே இந்த இடத்தில்தான், அதனால் பேச ஆரம்பிக்கும் முன்பே உங்கள் நிலை என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

யார் நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, வந்த நேரம், போன நேரம், வண்டி எண், எந்த இடம், யாருக்கு என்ன இடைஞ்சல். இரண்டு மூன்று வாரம் எழுதினாலே ஒரு வடிவம் தெரிய ஆரம்பிக்கும். காலையில் வந்து மாலையில் போகிற வண்டி, பக்கத்தில் எங்கோ வேலைக்கோ ரயிலுக்கோ போகிறவருடையது. பள்ளி விடும் நேரத்தில் மட்டும் வரிசைகட்டி நின்றால் பெற்றோர்கள். இரவில் வந்து காலையில் காணாமல் போனால், பெரும்பாலும் உங்கள் தெருவாசி ஒருவரின் இரண்டாவது காரோ மூன்றாவது காரோதான். 'வெளியாட்கள்' என்று எல்லோரும் திட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளில் பல, தெருவாசிகளின் விருந்தாளிகளுடையவை, அவர்கள் கூப்பிட்ட வேலையாட்களுடையவை. இதைக் கண்டுபிடிக்காமல் பெரிய செலவில் கேட் போட்டால், கேட் போட்ட பிறகும் அதே கார்கள் உள்ளேயே நிற்கும்.

போட்டோ எடுக்கும்போது வண்டி மட்டும் தெரிந்தால் போதாது. வண்டியும் போர்டும், வண்டியும் மறிக்கப்பட்ட வாசலும் ஒரே படத்தில் வரட்டும். வண்டியில் இருக்கும் ஆளையோ குழந்தைகளையோ படம் பிடிக்காதீர்கள். சிசிடிவி வைத்திருந்தால் அது எதைப் பார்க்கிறது, பதிவு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதைச் சங்கம் எழுதி வைக்க வேண்டும். பல நாடுகளில் தனிநபர் தரவுச் சட்டம் இதற்கும் பொருந்துகிறது. அப்புறம், அந்தப் படங்களை நம்பர் பிளேட்டோடு வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போட்டு 'இவரைத் தெரியுமா' என்று கேட்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

வாசலை மறித்து வண்டி நிற்கிறது, உள்ளே இருப்பவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் நோட்டுப் புத்தகமெல்லாம் அப்புறம். உடனே போலீஸை அழையுங்கள். தனியார் சாலையாக இருந்தாலும் அழையுங்கள். வாரக்கணக்கில் அசையாமல், டயர் இறங்கி, தூசி படிந்து நிற்கும் வண்டி இருந்தால் அதுவும் போலீஸுக்குச் சொல்ல வேண்டியதுதான். திருடப்பட்ட வண்டியா என்று அவர்களால் பார்க்க முடியும். அந்த வண்டியை நீங்களே தள்ளி நகர்த்தாதீர்கள்.

தீயணைப்பு வண்டியின் கணக்கைத் தெருவில் எல்லோருக்கும் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள், அதற்குப் பலன் உண்டு. இங்கிலாந்தின் கட்டட விதிமுறை வழிகாட்டியில் தீயணைப்பு வண்டி வரும் பாதை குறைந்தது 3.7 மீட்டர் அகலம் வேண்டும் என்று இருக்கிறது. அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் தீப் பாதுகாப்பு விதித்தொகுப்பு 20 அடி, அதாவது சுமார் 6.1 மீட்டர் கேட்கிறது. பக்கக் கண்ணாடிகளோடு ஒரு கார் ஏறக்குறைய 2 மீட்டர் இடத்தை எடுக்கும். உங்கள் சாலை 6 மீட்டர் அகலம் என்று வையுங்கள். ஒரு பக்கம் கார் நின்றால் மிஞ்சுவது 4 மீட்டர். இரண்டு பக்கமும் நின்றால் 2 மீட்டர், அதில் தீயணைப்பு வண்டி நுழையவே முடியாது. 'என் உரிமை, உன் உரிமை' என்று பேசும்போது மசியாதவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டதும் சற்று யோசிக்கிறார்கள்.

பேச்சும் ஒரு துண்டுச் சீட்டும்

ஓட்டுநரை நேரில் பார்த்தால் பேசுங்கள். 'யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்' என்று ஆரம்பிக்காமல், 'யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்' என்று ஆரம்பியுங்கள். விருந்தாளி என்றால் சங்கடம் இல்லாமல் முடிந்துவிடும். வெளியாள் என்றால் அந்தக் கேள்வியிலேயே அவருக்குச் சேதி போய்விடும்.

ஆள் இல்லையென்றால் வைப்பரின் அடியில் ஒரு சீட்டு. இந்த அளவு போதும்:

"வணக்கம். இது குடியிருப்பவர்களுக்குச் சொந்தமான தனியார் சாலை. உங்கள் வண்டி நிற்கும் இடத்தில்தான் ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் திரும்ப வேண்டும். இனி இங்கே நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏதாவது கேட்க வேண்டுமானால் இந்த எண்ணில் பேசுங்கள். இப்படிக்கு, குடியிருப்போர் சங்கம்."

தேதி போடுங்கள், வைத்த சீட்டைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிரட்டல், அபராதத் தொகை, சட்டப் பிரிவு எதுவும் வேண்டாம். வசூலிக்க அதிகாரமில்லாத அபராதத்தை எழுதினால் பிறகு அதே சீட்டு உங்களுக்கு எதிராகப் பேசும். கண்ணாடியில் கோந்து போட்டு ஒட்டும் ஸ்டிக்கரும் வேண்டாம். ஓட்டுநரின் பார்வையை மறைத்தது, கண்ணாடியைக் கெடுத்தது என்று அது தனி வழக்காகிவிடும். வீட்டுக்காரர் தன் பெயரில் எழுதுவதைவிடச் சங்கத்தின் பெயரில் எழுதுவது நல்லது. தனிப்பகை ஆகாது.

பக்கத்துப் பள்ளி, கடை, அலுவலகம் என்று ஒரே இடத்திலிருந்து வண்டிகள் வருகின்றன என்றால் ஓட்டுநர் ஒவ்வொருவராகத் துரத்திக்கொண்டிருக்காதீர்கள். அந்த இடத்தின் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம், கூடவே உங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்து நகல். வெறும் புகாரைத் தள்ளிவிடுவது சுலபம். தேதியும் நேரமும் போட்ட பட்டியலுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

போர்டு: சின்ன செலவு, பெரிய வேலை

இந்த ஒன்றில் மட்டும் சோம்பல் வேண்டாம். போர்டு செய்கிற வேலை இரண்டு. நிறுத்த நினைப்பவரைத் தயங்க வைப்பது ஒன்று. மற்றது பலருக்குத் தெரியாதது: காலப்போக்கில் உருவாகும் உரிமையைத் தடுப்பது. ஒருவர் யாரையும் கேட்காமல், மறைக்காமல், எதிர்ப்பும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓர் இடத்தைப் பயன்படுத்தினால் அது உரிமையாகவே மாறக்கூடும். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் தனியார் நிலத்துக்கு அந்தக் கால அளவு 20 ஆண்டு. 'பாவம், நிறுத்திவிட்டுப் போகட்டும்' என்று விடும் பெருந்தன்மையைக் கூட எழுத்தில் வைத்திருக்க வேண்டும். 'எங்கள் அனுமதியோடு நிறுத்துகிறார், வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும்' என்ற ஒரு வரிக் கடிதம் இருந்தால், அது உரிமையாக வளராது.

போர்டின் பலத்தைக் காட்ட 2016இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்த ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஒரு கிளப்பின் கார் நிறுத்தும் இடத்தில் பக்கத்து மீன் வறுவல் கடைக்காரர்களும் அவர்கள் வாடிக்கையாளர்களும் 20 ஆண்டுகளுக்கு மேல் வண்டி நிறுத்தி வந்தார்கள். எங்களுக்கு உரிமை வந்துவிட்டது என்று வாதிட்டார்கள். அங்கே 'தனியார் கார் நிறுத்தம், கிளப்புக்கு வருபவர்களுக்கு மட்டும்' என்ற பொருளில் ஒரு போர்டு இருந்தது. கிளப் யாரையும் துரத்தவில்லை, வழக்கும் போடவில்லை. ஆனாலும், தெளிவான போர்டு கண்ணில் படும்படி இருந்தாலே அது எதிர்ப்புதான், உரிமை பிறக்காது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவ்வளவு மலிவான சட்டப் பாதுகாப்பு வேறு கிடைக்காது.

போர்டு எப்படி இருக்க வேண்டும்? சாலைக்குள் நுழையும் ஒவ்வொரு வாயிலிலும் ஒன்று. இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் படிக்க முடிய வேண்டும். மரக்கிளை மறைக்கக் கூடாது. வாசகம் குறுகியது: தனியார் சாலை, யாருக்கு மட்டும், மீறினால் என்ன நடக்கும், யாரைத் தொடர்புகொள்வது. 'மீறினால் என்ன நடக்கும்' என்பதில் உங்களால் சட்டப்படி செய்ய முடிந்ததை மட்டும் எழுதுங்கள். சில இடங்களில் அளவையே சட்டம் சொல்லிவிடுகிறது. கலிஃபோர்னியாவில் தனியார் இடத்திலிருந்து வண்டியை இழுத்துச் செல்லும் எச்சரிக்கைப் போர்டு குறைந்தது 17க்கு 22 அங்குலம் இருக்க வேண்டும், எழுத்து ஓர் அங்குல உயரமாவது வேண்டும், காவல்துறையின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். அரசாங்கப் போக்குவரத்துப் பலகை மாதிரியே போலியாகச் செய்து மாட்டுவதைத் தவிர்த்துவிடுங்கள், பல ஊர்களில் அதுவே குற்றம்.

நிறுத்த முடியாதபடி செய்வது

என்னைக் கேட்டால், வண்டியை நிறுத்தியவரைத் தண்டிக்க அலைவதைவிட நிறுத்தவே இடமில்லாமல் செய்வது எவ்வளவோ மேல். மடக்குக் கம்பம், பூட்டக்கூடிய சங்கிலி, கனமான பூந்தொட்டி, கேட், தானாக இறங்கும் தடுப்புக் கட்டை என்று பல வழிகள் உண்டு. உங்கள் சொந்த இடம் ஒன்றே ஒன்று என்றால் ஒரு மடக்குக் கம்பத்தோடு பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆனால் பொதுவான சாலையில் எதையும் நடுவதற்கு முன், நிலத்துக்காரரின் சம்மதமும் வழிப் பாத்தியம் உள்ள அத்தனை பேரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். கடைசி வீட்டுக்காரர் ஒருவர் கூட்டத்துக்கே வராதவராக இருப்பார். கேட் வந்த மறுநாள் 'என் வழியை மறித்துவிட்டார்கள்' என்று வக்கீல் நோட்டீஸ் அவரிடமிருந்துதான் வரும். அவரிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள், சாவி கொடுங்கள். தீயணைப்பு நிலையத்திடம் கேட்டு அவர்கள் திறக்கக்கூடிய பூட்டைப் போடுங்கள். குப்பை வண்டி, தபால், கூரியர், குடிநீர், மின் ஊழியர்கள் எப்படி உள்ளே வருவார்கள் என்றும் முன்பே முடிவு செய்யுங்கள். கேட்டுக்கு உள்ளாட்சி அனுமதி தேவையா என்பது உயரத்தையும் இடத்தையும் பொறுத்தது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கல்லைப் பாதையோரம் உருட்டி வைப்பது பலர் கையாளும் சுலப வழி. இருட்டில் சைக்கிளில் வருபவர் மோதி விழுந்தால் பொறுப்பு வைத்தவருடையது. வைப்பதானால் கண்ணுக்குத் தெரியும் உயரத்தில், ஒளி பிரதிபலிக்கும் பட்டை ஒட்டி, சங்கத்தின் தீர்மானத்தோடு வையுங்கள்.

ஸ்டிக்கரும் பார்க்கிங் நிறுவனமும்

வீட்டுக்கு இத்தனை அனுமதி ஸ்டிக்கர், விருந்தாளிக்கு ஒரு தற்காலிகச் சீட்டு என்ற முறை நன்றாகவே வேலை செய்யும். விதி எழுதும்போது நிறுத்தக்கூடிய இடங்களை எண்ணுங்கள், பிறகு ஸ்டிக்கரை எண்ணுங்கள். இடத்தைவிட ஸ்டிக்கர் அதிகமாக அடித்துக் கொடுத்த சங்கங்களில் சண்டை வெளியாட்களிடமிருந்து வீட்டுக்காரர்களுக்குள் இடம் மாறியதுதான் மிச்சம்.

பார்க்கிங் நிறுவனத்தை அமர்த்தும் வழக்கம் உள்ள நாடுகளில், 'உங்களுக்கு ஒரு காசு செலவில்லை' என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். செலவில்லைதான், விதி மீறி நின்ற வண்டிக்கு அவர்கள் போடும் கட்டண ரசீதில்தான் அவர்களுடைய வருமானமே இருக்கிறது. ஸ்டிக்கர் நழுவி விழுந்த உங்கள் காருக்கும், பேத்தியைப் பார்க்க வந்த தாத்தாவின் காருக்கும் ரசீது வரும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் மூன்றைக் கேளுங்கள்: தவறாகப் போட்ட ரசீதை ரத்து செய்யும் அதிகாரம் சங்கத்துக்கு உண்டா, ரசீது போடும் முன் விடும் சலுகை நேரம் எத்தனை நிமிடம், வேண்டாம் என்றால் எத்தனை நாளில் வெளியேறலாம். பத்திரத்திலேயே பார்க்கிங் உரிமை எழுதப்பட்ட வீட்டுக்காரரைப் புதிய ஒப்பந்தம் கட்டுப்படுத்துமா என்று வக்கீலிடம் கேட்பதும் அவசியம்.

இந்த ரசீதுகள் சட்டப்படி நிற்குமா? பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015இல், ஒரு வணிக வளாகத்தின் இலவச நேரத்தைத் தாண்டி நின்ற காருக்கு விதித்த 85 பவுண்டு கட்டணம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. நிலத்தை ஒழுங்காக நடத்துவதில் நியாயமான நலன் இருந்தது, தொகை அளவுமீறியதாக இல்லை, போர்டுகள் பெரிதாகத் தெளிவாக இருந்தன. மறுபடியும் போர்டுதான்.

பூட்டலாமா, இழுக்கலாமா

இதற்கு ஒரே பதில் கிடையாது. ஸ்காட்லாந்தில் தனியார் நிலத்தில் சக்கரத்தைப் பூட்டிப் பணம் கேட்பது மிரட்டிப் பறித்தல் என்று 1992லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 அக்டோபர் 1 முதல், சட்ட அதிகாரமில்லாமல் தனியார் நிலத்தில் வண்டியைப் பூட்டுவதும் இழுப்பதும் குற்றம். வண்டி வந்து நின்றபோதே அங்கே நிலையான தடுப்பு இருந்தால், அதை இறக்கியதால் வண்டி வெளியேற முடியாமல் போவதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஜெர்மனி நேர்மாறு. நிலத்தை வைத்திருப்பவர் அத்துமீறி நின்ற காரை உடனே இழுக்கச் செய்யலாம், செலவைக் கட்டினால்தான் கார் திரும்பக் கிடைக்கும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2009இல் சொன்னது. ஆனால் அந்த வட்டாரத்தில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் வாங்க முடியாது. கலிஃபோர்னியாவில் இழுக்கலாம், ஆனால் போர்டு, எழுத்து அனுமதி, காவல்துறைக்குத் தகவல் என்று ஒவ்வொரு படியும் சரியாக இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் எது என்பதை உள்ளூர் வக்கீலிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிச் சங்கக் கோப்பில் வையுங்கள். அதுவரை யாரும் வண்டியைத் தொடக் கூடாது. முன்னும் பின்னும் நம் கார்களை நிறுத்தி மடக்கிவிடுவதும் பல இடங்களில் பூட்டுவதற்குச் சமம்தான்.

எதற்கும் அசையாத ஆள்

சீட்டு, போர்டு, கடிதம் எல்லாம் பார்த்த பிறகும் அதே வண்டி நிற்கிறது. இப்போது வண்டியின் உரிமையாளர் யார் என்று தெரிய வேண்டும். சில நாடுகளில் நியாயமான காரணம் காட்டினால் வாகனப் பதிவுத் துறையே விவரம் தரும், பிரிட்டனில் தனிநபரும் விண்ணப்பிக்கலாம். தராத இடங்களில் வக்கீல் வழியாகவோ காவல் புகார் வழியாகவோ போக வேண்டும். 'தெரிந்த போலீஸ்காரர் ஒருவர்' மூலம் விவரம் எடுப்பது அவர் வேலைக்கும் உங்கள் வழக்குக்கும் ஆபத்து.

விவரம் கிடைத்ததும் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ். நிலத்துக்காரர் பெயரில் வர வேண்டும், வழிப் பாத்தியம் மட்டும் உள்ளவர் எழுதினால் 'நீங்கள் யார் கேட்க' என்று மடக்கிவிடுவார்கள். எந்தெந்த நாள் நின்றது, எப்போது சொல்லப்பட்டது, இனி நின்றால் நீதிமன்றம் போவோம், பதிலுக்கு 14 நாள் என்று சுருக்கமாக இருக்கட்டும். பல பேர் இந்தக் கட்டத்திலேயே நகர்ந்துவிடுவார்கள்.

நகரவில்லை என்றால் நீதிமன்றத்தில் கேட்க வேண்டியது தடை உத்தரவு. ஒரு கார் சில மணி நேரம் நின்றதற்கு நஷ்டஈடு என்று கேட்டால் கிடைப்பது வக்கீல் கட்டணத்துக்குக் கூடக் காணாது. தடை உத்தரவை மீறினால் அது நீதிமன்ற அவமதிப்பு, அந்த பயம் நஷ்டஈட்டுத் தொகையைவிடப் பலமானது. கையில் கொண்டுபோக வேண்டியவை: உரிமைப் பத்திரம், வரைபடம், போர்டு எப்போது வைக்கப்பட்டது என்று காட்டும் தேதியிட்ட படம், நோட்டுப் புத்தகம், சீட்டின் நகல், நோட்டீஸின் தபால் ரசீது, வழக்குப் போட அனுமதிக்கும் சங்கத் தீர்மானம். கடைசியில் சொன்ன தீர்மானத்தைத்தான் சங்கங்கள் அடிக்கடி மறந்துவிடுகின்றன, முதல் விசாரணைக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.